நான்கு நிமிடப் பாட்டுக்கு ஒரு திட்டம்

என் தங்கை மகள் சென்னையில் ஒரு கல்லூரியில் காட்சித் தொடர்பியல் படிக்கிறாள். மூன்றாம் ஆண்டு மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து ஓர் இசைக்காணொளி எடுத்துக் கொடுக்க வேண்டுமாம். சினிமாப் பாட்டாக இருக்கக் கூடாது, நான்கு நிமிடத்தைத் தாண்டக் கூடாது, படப்பிடிப்புக்கு முன்பே முழுத் திட்டத்தையும் எழுத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பவை விதிகள். படத்துக்குப் பாதி மதிப்பெண், திட்டத்துக்குப் பாதி. இந்தக் கடைசி விதியை வகுத்த ஆசிரியர் யாரென்று தெரியவில்லை. பார்த்தால் கைகுலுக்குவேன். சென்ற ஆடி மாதத்தில் அவளும் தோழர்கள் நால்வரும் ராயகிரிக்கு வந்து எங்கள் வீட்டில் எட்டு நாள் தங்கினார்கள். அந்த எட்டு நாளில் அவர்கள் ஒரு காட்சியைக்கூடப் படம் எடுக்கவில்லை. எழுதினார்கள், கிழித்தார்கள், மறுபடி எழுதினார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில் கதை, கவிதை எழுதும் நமக்கும் சில விஷயங்கள் இருப்பதாகத் தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

'இண்டி' என்ற சொல்லை அவர்கள் நாளுக்கு நூறு தடவை சொன்னார்கள். சினிமாவைச் சாராமல், பெரிய நிறுவனத்தின் பணம் இல்லாமல், பாடுகிறவரே எழுதி மெட்டமைத்து வெளியிடும் பாட்டு என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். 1931-இல் 'காளிதாஸ்' வந்ததிலிருந்து பாட்டு என்றாலே சினிமாப் பாட்டு என்று பழகிவிட்ட நமக்கு இது புதிய சரக்காகத் தெரிகிறது. எங்கள் பக்கத்தில் இது பழைய வழக்கம். சங்கரன்கோவிலுக்கு அருகே சென்னிகுளத்தில் பிறந்த அண்ணாமலை ரெட்டியார், ஊற்றுமலை ஜமீன்தார் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்தபோது வழிநடைக்காகப் பாடியவைதாம் காவடிச்சிந்து. 1891-இல், முப்பது வயதைத் தொடாமலே இறந்துபோனார். செங்கோட்டை கிட்டப்பா 1933-இல் இறக்கும்போது அவருக்கு வயது 27. நாடக மேடையும் இசைத்தட்டும் அவர் குரலை வீடுவீடாகக் கொண்டு சேர்த்தன. ரெட்டியாருக்குப் பின்னால் ஒரு ஜமீன்தார் இருந்தார், ஆகவே அவரை முழு இண்டி என்று சொல்ல முடியாது என்று மாணவர்களில் ஒருவன் வாதாடினான். நியாயமான ஆட்சேபணைதான்.

நம் காலத்துக்கு வந்தால், மலேசியாவிலிருந்து யோகி பி-யும் நட்சத்ராவும் 2006-இல் 'வல்லவன்' தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். 2018 ஜனவரியில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் சென்னையில் முதன்முதலாக மேடையேறியது. 2024-இல் சாய் அபயங்கரின் 'கட்சி சேர' எல்லாக் கைபேசிகளிலும் ஒலித்தது. பிறகு அவரும் சினிமாவுக்கு இசையமைக்கப் போனார். ஹிப்ஹாப் தமிழா ஆதி அவருக்கு முன்பே அதே வழியில் போனவர். சுயேச்சையாக நின்று ஜெயித்துவிட்டு ஆளுங்கட்சியில் சேரும் வேட்பாளர்களின் நினைவு எனக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. பிள்ளைகளிடம் இதைச் சொல்லவில்லை. அவர்களுக்கும் அந்த ஆசை இருக்கலாம், இருந்தால் தவறுமில்லை.

அவர்கள் கொண்டுவந்த பாட்டு 3 நிமிடம் 40 வினாடி. கிதாரும் மருமகளின் குரலும், இடையே இருபது வினாடிக்கு இன்னொரு குரலும். அந்த இன்னொரு குரலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 96 தட்டு. நான்கு தட்டு ஒரு சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு இரண்டரை வினாடி, முழுப் பாட்டும் 88 சுற்று. சுற்றுக்கு ஒரு ஷாட் என்று கணக்கிட்டு, 88 கட்டங்கள் போட்ட தாள்களைக் கூடத்துச் சுவரில் ஒட்டினார்கள். ரயில் தண்டவாளத்தில் கைகளை விரித்து நடக்கும் பெண், பேருந்து ஜன்னலில் சாய்ந்த முகம், சூரியகாந்தித் தோட்டம், அருவி, கண்மாய்க்கரையில் அந்திவெயில், கடைசியில் ட்ரோனில் எழும்பி மலையை நோக்கிப் பறக்கும் நீண்ட காட்சி. படங்களை அழகாகத்தான் வரைந்திருந்தார்கள். எந்தக் கட்டத்தையும் பிய்த்து இன்னொருவர் பாட்டில் ஒட்டினால் யாருக்கும் தெரியாது என்பதுதான் குறை.

முதல் மூன்று நாட்களில் ஊரே அந்தக் கட்டங்களில் பாதியைக் கிழித்துவிட்டது. தண்டவாளத்தில் படமெடுக்க ரயில்வேயின் அனுமதி வேண்டும், அதற்கு நாளாகும். குற்றால அருவிகளில் ஆடி மாதத்துத் தண்ணீர் எந்த நேரத்தில் எப்படி வரும் என்று யாரும் உறுதி தர மாட்டார்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளத்தில் பதினேழு வயது மாணவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தபிறகு அங்கே கெடுபிடியும் கூடுதல். கூடக்கூட, சீசன் கூட்டத்துக்கு நடுவே தனிமையைப் பற்றிய பாட்டை எடுப்பது எப்படி என்ற கேள்வி. சூரியகாந்திக்காக சுந்தரபாண்டியபுரம் போனார்கள். 'ரோஜா'வின் ஊர்க்காட்சிகள் எடுக்கப்பட்ட ஊர் அது. பூத்திருக்கும் மாதங்களில் கேரளத்திலிருந்தெல்லாம் வண்டி வண்டியாக வந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு பூவுக்குப் பக்கத்திலும் ஒருவர் நின்றதாகத் திரும்பி வந்து சொன்னார்கள்.

வெயில் விஷயம்தான் அவர்களை மிகவும் தடுமாற வைத்தது. சூரியன் மறையும் நேரத்தைக் கைபேசி ஆறே முக்கால் என்று காட்டும். அதை நம்பி ஐந்தரைக்குக் கண்மாய்க்கரைக்குப் போகத் திட்டம். ஆனால் ராயகிரிக்கு மேற்கே நிற்பது மேற்குத் தொடர்ச்சி மலை. கைபேசி சொல்லும் சூரியன் தொடுவானத்தில் மறையும் சூரியன். எங்கள் சூரியன் மலையில் மறைவது. ஆடியில் அந்த மலைமேல் கேரளத்து மேகம் வேறு மூடிக் கிடக்கும். அவர்கள் வேண்டியிருந்த பொன்வெயில் வராமலே பொழுது இறங்கிவிடும். மூன்று நாள் போய் மூன்று நாளும் சாம்பல் நிற வெளிச்சத்தில் திரும்பி வந்தார்கள். விடிகாலை வெயிலுக்குத் தடையில்லை, கிழக்கே சமவெளிதான். ஆனால் அந்த நேரத்தில் கண்மாய்க்கரையில் நடக்கும் காரியங்கள் வேறு. நல்லவேளையாக அதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் காற்று. இசைக்காணொளிக்காரர்களிடம் ஒரு பழைய தந்திரம் உண்டு. பாட்டை இரட்டை வேகத்தில் ஒலிக்கவிட்டு, பாடுகிறவர் அந்த வேகத்துக்கே வாயசைக்க, காமிராவில் வினாடிக்கு 50 சட்டகமாக எடுப்பார்கள். பிறகு 25 சட்டகமாக ஓட்டினால் வாயசைவு பாட்டோடு சரியாகப் பொருந்தும். கூந்தலும் தாவணியும் நடையும் மட்டும் கனவில்போல மெதுவாக மிதக்கும். இதைச் சோதித்துப் பார்க்க ஒரு நாள் மாலை தோட்டத்துப் பக்கம் போனோம். இரட்டை வேகத்தில் மருமகளின் சோகப்பாட்டு அணில் கத்துவதுபோல் ஒலித்தது. ஆடிக்காற்று அதையும் பிய்த்துக்கொண்டு போனது. பத்தடி தள்ளி நின்றவளுக்குத் தாளம் கேட்கவில்லை. ஆடு மேய்க்க வந்த இரண்டு பையன்கள் சிரித்துச் சிரித்து வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள்.

அன்று இரவு அவர்களுக்கு ஒரு காணொளியைப் போட்டுக் காட்டினேன். அவர்கள் முன்பே பார்த்ததுதான். 2017 ஜனவரியில் வந்த 'சென்னைப் புறம்போக்குப் பாடல்'. கபேர் வாசுகி எழுதி, டி.எம். கிருஷ்ணா பாடி, ரத்தீந்திரன் பிரசாத் இயக்கியது. எண்ணூர்க் கழிமுகத்தில், அனல்மின் நிலையப் புகைக்கு முன்னால், சதுப்புச் சேற்றில் நின்று எடுத்திருக்கிறார்கள். கர்நாடக சங்கீதக் கச்சேரிக்காரர் ஒருவர் அங்கே போய் நிற்பதே அந்தப் பாட்டின் பாதிப் பொருள். அதை மாமல்லபுரத்துக் கடற்கரையில் எடுத்திருந்தால் பாட்டு செத்துப்போயிருக்கும். அதே இயக்குநர் 2015 ஜூலையில் சோஃபியா அஷ்ரஃபை வைத்து எடுத்த 'கொடைக்கானல் வோண்ட்' பாதரசத் தொழிற்சாலைத் தொழிலாளர்களைப் பற்றியது. அது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அடுத்த மார்ச்சில் அந்நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாட்டுக்கு வந்தது. தொழிலாளர்களின் நெடுங்காலப் போராட்டத்தின் கடைசிக் கட்டத்தில் அந்தப் பாட்டும் ஒரு தோள் கொடுத்தது என்பதே சரியான கணக்கு. ஒரு பாட்டு எங்கே நிற்கிறது என்பதைப் பாட்டே கேட்டு வாங்க வேண்டும் என்று சொன்னேன். மருமகள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படீன்னா நம்ம பாட்டு கிழக்குத் தெருவுலதான் நிக்கணும் மாமா" என்றாள்.

அந்த இருபது வினாடிக் குரலுக்கு இப்போது வருகிறேன். போன பொங்கலுக்கு வந்திருந்தபோது, எங்கள் திண்ணையில் உட்கார்ந்து ஒரு பாட்டி தாலாட்டு ஒன்றை முணுமுணுத்ததை அவள் கைபேசியில் பதிந்துகொண்டு போயிருக்கிறாள். எண்பதை நெருங்கும் வயது. எங்கள் வயலில் நட்டவர், எங்கள் வீட்டிலும் வேலை செய்தவர். அந்தப் பதிவிலிருந்து இரண்டு சுற்று நீளத்துக்கு ஒரு துண்டை வெட்டி, 96 தட்டுக்குப் பொருந்தும்படி மென்பொருளில் இழுத்து, நான்கு தடவை திரும்பத் திரும்ப வரும்படி பாட்டின் நடுவில் வைத்திருந்தாள். கேட்பதற்கு நன்றாக இருந்தது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். கிதார் நின்று அந்தக் குரல் வரும் இடத்தில் எனக்கு மயிர் கூச்செறிந்தது. ஆனால் பாட்டியிடம் கேட்கவில்லை. திட்டத்தாளில் 'இசை' என்ற கட்டத்தில் மருமகள் பெயர் மட்டும் இருந்தது.

இந்த இடத்தில் 'என்ஜாய் எஞ்சாமி' நினைவுக்கு வராமல் போகாது. 2021 மார்ச் 7 அன்று மாஜ்ஜா தளத்தின் வழியாக வெளியாகி, தமிழ் தெரியாத நாடுகளிலும் பாடப்பட்ட பாட்டு. அதன் வேர் அறிவின் பாட்டி வள்ளியம்மாள் சொன்ன கதைகளில் இருக்கிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துவிட்டு நிலமில்லாமல் திரும்பிய குடும்பத்தின் கதை. தீயும் அறிவும் பாடினார்கள், சந்தோஷ் நாராயணன் தயாரித்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியாவின் அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. பா. ரஞ்சித் அதைக் கண்டித்தார். பிறகு அறிவுக்குத் தனி அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு அறிவு இல்லாமல் மேடையேறியது. அவர் பொதுவெளியில் தன் பங்கைச் சொல்லி எழுத, மற்ற இருவரும் தங்கள் பங்கைச் சொல்லி எழுதினார்கள். 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டால் தங்களுக்கு இதுவரை ஒரு பைசாகூட வரவில்லை என்றார். மூன்று பேரும் திறமைசாலிகள், மூன்று பேருக்கும் பெயரிருக்கிறது, வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் வசதியும் இருக்கிறது. அவர்களுக்கிடையிலேயே கணக்கு இவ்வளவு சிக்கலாகுமென்றால், கிழக்குத் தெருவில் கைநாட்டு வைக்கும் ஒரு மனுஷியின் இருபது வினாடியை யார் கணக்கில் எடுப்பார்கள்?

குழுவில் சட்டம் படிக்கப் போகும் எண்ணமுள்ள பெண் ஒருத்தி இருந்தாள். அவள் பதிப்புரிமைச் சட்டத்தைக் கைபேசியில் திறந்து வைத்துக்கொண்டு வாசித்தாள். தாலாட்டு பரம்பரைச் சொத்து, அதற்குத் தனி உரிமையாளர் இல்லை. ஆனால் பாடியவருக்கு நிகழ்த்துநர் என்ற உரிமை 1994 திருத்தத்திலிருந்து உண்டு. அவர் சம்மதமில்லாமல் பதிந்து வெளியிடக் கூடாது. 2012 திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போய், தன் பெயரைச் சொல்லும்படி கேட்கவும், தன் பாட்டைச் சிதைத்தால் தடுக்கவும் நிகழ்த்துநருக்கு உரிமை தருகிறது. ஆனால் அதற்கு ஒரு விளக்கக் குறிப்பு இருக்கிறது. படத்தொகுப்புக்காகவோ நேரக் கணக்குக்குள் அடக்குவதற்காகவோ ஒரு பகுதியை நீக்குவது மட்டும் சிதைவாகாதாம். "அப்ப நாம வெட்டினது தப்பில்ல" என்று ஒருவன் நிம்மதியடைந்தான்.

மறுநாள் காலை ஐவரும் கிழக்குத் தெருவுக்குப் போனார்கள். நானும் கூடப் போனேன். சின்ன ஒலிபெருக்கியில் முழுப் பாட்டையும் போட்டுக் காட்டினார்கள். பாட்டி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். தன் குரல் வந்ததும் முகம் மலர்ந்தது. இரண்டாம் தடவை வந்ததும் கண்ணைச் சுருக்கினார். நாலாவது தடவை வந்ததும் கையை நீட்டி நிறுத்தச் சொன்னார்.

"என்ன தாயி இது, கேட்டுக்கிட்டே இருக்க? பதிலச் சொல்ல விடமாட்டியா?"

யாருக்கும் புரியவில்லை. அழுகிற பிள்ளையிடம், உன்னை யார் அடித்தது, இவரா, அவரா என்று உறவுமுறைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்டுவிட்டு, அவர்களில் ஒருவரும் உன்னைத் தொடவில்லையே என்று தேற்றுவது தாலாட்டின் பழைய நடை. மருமகள் வெட்டியெடுத்தது கேள்வி மட்டும். பதில் அந்தத் துண்டுக்கு வெளியே நின்றுவிட்டது. ஆகவே பாட்டியின் குரல், யார் அடித்தது, யார் அடித்தது என்று நான்கு முறை கேட்டு, தேற்றாமலே மறைந்துபோகிறது. அழகான குரல் என்று நாங்கள் கேட்டதை, பிள்ளையை அழவிட்டுப் போகும் தாய் என்று அவர் கேட்டிருக்கிறார். சட்டத்தின் விளக்கக் குறிப்பு இதை அறியாது.

அடுத்த குறை உடனே வந்தது. "இவ்வளவு வெரசா ஆட்டுனா பிள்ள எப்படித் தூங்கும்?"

பிறகு நடந்ததை நான் மிகவும் ரசித்தேன். எவ்வளவு மெதுவாக ஆட்ட வேண்டும் என்று கேட்டார்கள். "தொட்டில் ஆடுத வேகத்துக்குத்தான் பாட்டு, பாட்டு வேகத்துக்குத் தொட்டில் ஆடாது" என்றார். சரி, தொட்டிலையே அளப்போம் என்று எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கூடத்து உத்திரத்தில் தொட்டில் கட்டும் இரும்பு வளையங்கள் இன்னும் இருக்கின்றன. நானும் என் தங்கையும் அதில் கிடந்தவர்கள், ஆட்டியவர் அதே பாட்டி. பழைய நூல்சேலையைக் கட்டித் தொங்கவிட்டு ஆட்டப் போனபோது பாட்டி அதட்டினார். வெறும் தொட்டிலை ஆட்டக் கூடாது. அம்மிக் குழவியை எடுத்துவந்து உள்ளே வைக்கச் சொன்னார். பிள்ளைக்கும் குழவி, அரைக்கும் கல்லுக்கும் குழவி என்ற பெயர் எப்படி வந்ததோ, அகராதிக்காரர்கள் சொல்லட்டும். இருபது ஆட்டத்துக்கு ஐம்பத்தேழு வினாடி ஆயிற்று. தொங்கும் நீளம் இரண்டு மீட்டர் என்றால் ஊசல் கணக்குப்படியும் ஏறக்குறைய அதுதான் வரும். உள்ளே இருப்பது கல்லா பிள்ளையா என்பது அந்தக் கணக்குக்குத் தெரியாது. ஓர் ஆட்டத்துக்கு நான்கு தட்டு என்று வைத்தால் நிமிடத்துக்கு 84 தட்டு. மருமகள் மடிக்கணினியைத் திறந்து 96 என்றிருந்ததை 84 ஆக்கிப் பாட்டை ஓடவிட்டாள். கிதார் கொஞ்சம் சோம்பலாக ஒலித்தது. பாட்டியின் குரல் அதன் சொந்த வேகத்துக்கு வந்துவிட்டது.

விலை உண்டு. வேகம் குறைந்தால் அதே 88 சுற்று நான்கு நிமிடத்தைத் தாண்டும். பதிலையும் சேர்த்தால் இன்னும் எட்டுச் சுற்று. மொத்தம் 96 சுற்று, நான்கு நிமிடம் முப்பத்து நான்கு வினாடி. 84 தட்டு வேகத்தில் நான்கு நிமிடத்துக்குள் சரியாக 84 சுற்றுதான் அடங்கும். பன்னிரண்டு சுற்றுகள் போக வேண்டும். அன்று இரவு முழுக்கச் சண்டை. முன்னிசையில் நான்கு போயின. இரண்டாம் சரணத்தில் மருமகளே எழுதிய வரிகளில் நான்கு சுற்று போயிற்று. அவள் அழுதாள் என்று நினைக்கிறேன், விளக்கு மங்கலாக இருந்தது. மிச்ச நான்கு, கடைசியில் ட்ரோன் மலையை நோக்கிப் பறக்கும் வாத்திய இசை. ட்ரோன் வாடகைக்கென்று அவர்களுடைய 14,000 ரூபாயில் பெரும்பங்கை ஒதுக்கி வைத்திருந்தார்கள். மலைப்பக்கம் பறக்கவிட வனத்துறையைக் கேட்க வேண்டியிருந்த தொல்லையும் அதோடு தீர்ந்தது. காமிராக்காரப் பையன் இரண்டு நாள் யாருடனும் பேசவில்லை.

வெட்டுவதைப் பற்றிப் பேசும்போது எங்கள் பக்கத்துக்காரர் ஒருவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. குற்றாலத்தில் இருந்துகொண்டு ரசிகமணி டி.கே.சி. கம்பன் பாடல்களை எப்படி வெட்டினார் என்பது இதைப் படிப்பவர்களுக்குத் தெரியும். இடைச்செருகல் என்று அவர் காது சொன்னதையெல்லாம் தள்ளினார், சில சொற்களைத் திருத்தவும் செய்தார். புலவர்கள் கொதித்தார்கள். ஆனால் அவர் வெட்டிய பிறகு எஞ்சிய பாட்டில் பாவம் முழுதாக நிற்கிறதா என்று வாய்விட்டுப் பாடிப் பார்த்தவர் அவர். பாட்டி செய்ததும் அதே காதின் வேலைதான் என்பேன். கேள்வி இருக்கிறது, பதில் இல்லை, ஆகவே பாவம் நிற்கவில்லை.

இதற்கிடையில் ஒருவன் பாட்டியிடம் ஒப்பாரி தெரியுமா, காமிராவுக்கு முன்னால் பாட முடியுமா என்று கேட்டுவைத்தான். சினிமாவிலும் ஆல்பங்களிலும் ஒப்பாரிக்கு இப்போது நல்ல மவுசு. பாட்டி அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "யாரு செத்துப்போனா?" என்றார். அந்தக் கட்டமும் சுவரிலிருந்து இறங்கியது.

ஏழாம் நாள் என்று ஞாபகம். தொட்டில் கட்டியிருந்த எங்கள் கூடத்திலேயே முக்கியக் காட்சியை எடுப்பதென்று ஏறத்தாழ முடிவாகியிருந்தது. பழைய உத்திரம், முற்றத்து வெளிச்சம், தரையில் சிவப்பு சிமெண்டு. காமிராவுக்கு வேறென்ன வேண்டும். பாட்டி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது சட்டக்காரப் பெண் சாதாரணமாகக் கேட்டாள்: "உங்க பிள்ளைகளுக்கும் இந்தப் பாட்டுதான் பாடினீங்களா பாட்டி?"

"எம்பிள்ளைகளுக்கு ஏது பாட்டு? நான் இங்கன ஆட்டிக்கிட்டு இருந்தேன். அங்கன மூத்தவ ஆட்டுனா. அவளுக்கு எட்டு வயசு, அவளுக்கு என்ன பாட்டுத் தெரியும்?"

குறையாகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, எழுந்து முற்றத்தில் போய்த் துப்பிவிட்டு வந்தார். வீட்டு வேலைக்கு நெல் அளந்து கொடுத்த காலம் அது. அளந்த நெல்லில் பாட்டுக்கும் சேர்த்துத்தான் படி போட்டார்களா என்று எனக்குத் தெரியாது. என் அம்மா இருந்தால் கேட்கலாம். நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்தவர்கள் தாலாட்டைத் தாய்மையின் பாட்டு என்று முன்னுரை எழுதுகிறார்கள். கூலிக்கு ஆட்டிய தொட்டில்களின் பாட்டு அதில் எத்தனை பங்கு என்று யாராவது பிரித்துப் பார்த்தால் நல்லது.

அன்று மாலை மருமகள் கூடத்துக் காட்சியை அடித்துவிட்டு, 'பாட்டி வீடு' என்று எழுதினாள். அந்த வீடு சின்னது, ஒரே ஜன்னல், வெளிச்சம் போதாது என்று காமிராக்காரன் முனகினான். பிறகு தானே போய் ஒவ்வொரு மணிக்கும் வெளிச்சத்தைக் குறித்துக்கொண்டு வந்தான். காலை ஏழரை முதல் ஒன்பது வரை கிழக்கு ஜன்னலில் வெயில் வருகிறது, அந்தப் பக்கம் மலை இல்லை. திட்டத்தாளில் பெயர்களுக்கான பகுதியையும் மாற்றினார்கள். பாடியவர் என்று பாட்டியின் பெயரைப் போடப் போனபோது, பாட்டு தன் அம்மாவுடையது, அம்மா பெயரையும் போட வேண்டும் என்றார். அந்த அம்மா யாரிடம் கற்றாரோ என்று நான் யோசித்தேன். எங்கேயாவது நிறுத்தித்தானே ஆக வேண்டும், பாட்டி நிறுத்திய இடத்தில் நிறுத்துவதே முறை. இரண்டு பெயர்களும் திரையில் வரும். அவர்களுக்கு முன்னால் நான் இங்கே அவற்றை எழுதுவது சரியில்லை. பணமாக, ட்ரோனுக்கு ஒதுக்கியிருந்த தொகையைத் தருவதென்று முடிவு. பாட்டி பாதியை இப்போதே வாங்கிக்கொண்டார், மீதியைப் படம் எடுக்கும் நாளில் தரச் சொன்னார்.

அந்த நாள்தான் இன்னும் முடிவாகவில்லை. கல்லை வைத்து அளக்கலாம், கல்லுக்குப் பாட முடியாது என்கிறார் பாட்டி. அவருடைய பேத்தி தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், ஆவணிக் கடைசியில் நாள். குழந்தை பிறந்து, பதினாறாம் நாள் தொட்டிலில் போட்டபிறகு வந்தால் பாடுவாராம். பிள்ளை தூங்கும் வீட்டில் விளக்குகளும் ஒலிபெருக்கியும் கூடாது. ஆகவே வாயசைப்பு கிடையாது, இரட்டை வேகத் தந்திரம் கிடையாது, அங்கேயே பாடி அங்கேயே பதிய வேண்டும், மின்விசிறியை நிறுத்திவிட்டு. நல்லவேளையாக அதற்குள் ஆடிக்காற்று அடங்கியிருக்கும். கல்லூரியின் கெடு அதற்கு முன்பே முடிகிறது. இரண்டு வாரம் கூடுதலாகக் கேட்டு மருமகள் எழுதியிருக்கிறாள். ஒப்படைத்த திட்டத்தில் படப்பிடிப்புத் தேதி என்ற கட்டத்துக்குள், குழந்தை பிறந்த பதினேழாம் நாள், காலை 7.30 என்று இருக்கிறது.